எண்பத்தோரு பச்சை டிக்

"வேண்டாம்னா வேண்டாம்பா, அதை மட்டும்—"

"நான் வேற எதையாவது கேட்டேனா? இருக்கறதை இருக்கற மாதிரி—"

"இருக்கற மாதிரி விட அது என்ன ஜன்னல் திரையா? நாளையோட சந்தா முடியுது. முடியட்டும். வேற ஒண்ணு பாத்து—"

"வேற ஒண்ணு எனக்கு எதுக்கு? மூச்சு விடறதுக்கு இது போதும்."

"இதைப் பாத்து விட்டது போதும் இந்த வீட்டுல. ரிமோட்டைக் குடுங்க."

"நீ விடு முதல்ல."

ரிமோட்டின் ஒரு முனை அப்பாவின் கையில் இருந்தது, மறு முனை மகளின் கையில். தொலைக்காட்சித் திரையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, இவர்கள் சண்டை தன்னைப் பற்றியது இல்லை என்பது போலப் புன்னகைத்துக் கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே, 'உங்கள் ஓராண்டுச் சந்தா நாளை முடிகிறது. தொடரலாமா?' என்று எழுதியிருந்தது.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நல்லா இழுங்க. ரெண்டாப் போகட்டும். அவங்கவங்க பாதியை வச்சு அவங்கவங்க மூச்சை விட்டுக்கலாம்."

மகள்தான் முதலில் கையை எடுத்தாள். ஜெயித்துவிட்டோமே என்று அவருக்குச் சந்தோஷமாக இல்லை. ரிமோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்கு அவளுக்கு ரயில். பதினோரு மணி நேரப் பயணம். அங்கே ஒரு பஸ் டெப்போவில் அவளுக்கு நேர அட்டவணை போடும் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுகிறவள். அதனாலேயே சித்திக்கு அவள் 'டைம்டேபிள்'. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பல் தேய்க்க நேரம் குறித்து வைத்தவள் என்று சித்தி சொல்வாள். அப்பாவுக்கு அவள் எப்போதும் பாப்பா.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருடம் ஊரெல்லாம் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, சொந்த வீட்டுக்கு மூன்று மாடி படியேறுகிறவர். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் மனைவி அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள்: "டெய்லர் பொண்டாட்டிக்குக் கிழிசல், மெக்கானிக் பொண்டாட்டிக்கு மாடிப்படி."

அவள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

போன வாரம் டாக்டர் இவருடைய கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, தூக்கம் சுத்தமாக இல்லை, தினம் அரைமணி மூச்சுப் பயிற்சியும் தியானமும் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தார். அதைச் செய்து வைத்துவிட்டுப் போவதற்காகவே மகள் இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். வரும்போதே ஒரு தாள் கொண்டு வந்தாள். அதில் கட்டம் போட்டு, யோகா, தியானம், ஆன்மிகம் என்று வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து காட்டும் மூன்று ஆப்களை எழுதியிருந்தாள். முட்டி வலிக்கு ஏற்ற பாடம் உண்டா, நம் பாஷையில் பேசுகிறார்களா, நடுவில் விளம்பரம் வருமா, எழுத்து பெரிதாகத் தெரியுமா. இவர்களிடம் ஏற்கெனவே இருந்த நாலாவதை அந்தத் தாளில் எழுதவே இல்லை.

"சரி, ஒவ்வொண்ணாப் பாப்போம். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. நான் வாயைத் திறக்கல."

"நீ வாயைத் திறக்கலன்னா நான் இன்னொரு கல்யாணமே பண்ணிப்பேன்" என்றாள் சித்தி. அவள் கீழ்த்தளத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மதியத்துக்கு மேல்தான் ஆள் வரும். அக்கா போனதிலிருந்து காலை வேளைகள் அவளுக்கு இங்கேதான்.

மகள் தன் போனிலிருந்து முதல் ஆப்பைத் தொலைக்காட்சியில் போட்டாள். திரை முழுக்கக் கடல். ஒரு குரல், கண்ணை மூடி அலைகளோடு போங்கள் என்றது. அப்பா கண்ணை மூடினார். இரண்டு நிமிடம் போயிருக்கும்.

"எப்படி இருக்குப்பா?"

"யாரோ குழாயைத் திறந்துட்டு மூடாமப் போயிட்ட மாதிரி இருக்கு. போய் மூடலாமான்னு இருக்கு."

"அப்பா!"

"தியானம் வரல பாப்பா. பாத்ரூம்தான் வருது."

சித்தி மடித்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் தாளில் முதல் கட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

இரண்டாவதில் தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் மலை. அவர் திரைக்குள்ளிருந்து நேராக இவரைப் பார்த்து, "நீங்கள் யார்?" என்று கேட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக்."

"நீங்கள் உங்கள் தொழில் அல்ல" என்றார் தாடிக்காரர், சொல்லி வைத்த மாதிரி.

"ரிட்டயர் பண்ணப்போ ஆபீஸ்லயும் இதையேதான்யா சொன்னாங்க."

இந்த முறை மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மூன்று பேருமே படுக்கையறைக் கதவுப் பக்கம் பார்த்தார்கள். இதற்கு இன்னொருத்தி அங்கிருந்து பதில் சொல்லியிருப்பாள். கதவுக்குப் பின்னால் ஊதாநிற யோகா விரிப்பு சுருட்டி நிறுத்தி வைத்தபடி இருந்தது.

மூன்றாவது ஆப் கேள்வி கேட்டது. எதற்காக வந்திருக்கிறீர்கள்? தூக்கம், மன அழுத்தம், உடல் எடை, ஆன்மிகத் தேடல், இழப்பு.

மகளின் விரல் தூக்கத்தின் மேல் நின்றது. பிறகு கீழே இறங்கி, கடைசியில் இருந்ததை அழுத்தியது. உடனே அடுத்த கேள்வி வந்தது. யாரை இழந்தீர்கள்? துணை, பெற்றோர், பிள்ளை, செல்லப்பிராணி.

"துணைன்னு போடு."

"நான் பெற்றோர்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "சரி, உங்களுக்குத்தானே. துணை."

"ஒண்ணுதான் அழுத்த முடியுமா?" என்று எட்டிப் பார்த்தாள் சித்தி. "நாய்க்கு இடம் வச்சிருக்கான். கூடப் பொறந்தவளுக்கு வைக்கலையே."

மகள் துணையை அழுத்தினாள். மாதிரிக்கு ஒரு பாடம் ஓடத் தொடங்கியது. நல்ல குரல்தான். நிதானமாகத்தான் சொன்னாள் அந்தப் பெண். அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இவ எல்லாத்தையும் ஒரேயடியாத் தளர்த்தச் சொல்றா. அது எப்படி முடியும்? நம்ம பழைய ஆப்புல அந்தம்மா அப்படிச் சொல்ல மாட்டா. நெத்தியை இறக்கு, தாடையை இறக்கு, தோளை இறக்கு, வயித்தை இறக்குன்னு ஒவ்வொரு மாடியா நிறுத்தி நிறுத்தி இறக்குவா. தரைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கதவைத் திறக்காம வச்சிருப்பா. அப்புறம்தான், 'இன்றைக்கு இது போதும்'னு சொல்வா."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"இவ்வளவும். நீங்கதான் ஒரு நாள்கூட அந்த விரிப்புல கால் வச்சதில்லையே. குனிஞ்சா நிமிர மாட்டேன், அப்புறம் கிரேன் கொண்டு வரணும்னு சொல்வீங்களே."

"அவ பண்றப்போ காதுல விழும்ல? ஒரே ரூம்தானே" என்று சொல்லிவிட்டு, அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போனவர் டம்ளரை எடுக்கவில்லை.

சித்தி பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்காக.

"எத்தனை நாளைக்கு மாமா இதை முழுங்கிக்கிட்டு இருக்கப் போறீங்க?"

"என்ன முழுங்கினேன்?"

"என்கிட்டயேவா? ஆப்புல அக்கா பேர்ல டிக் போட்டது நீங்கன்னு எனக்குத் தெரியும், செவுத்துக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அந்தப் பொண்ணு என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஆப் மேல கோவமா இருக்கா."

"ஆப் மேல கோவமா இருக்கறவ ராத்திரி பூரா என் மடியில அழ மாட்டா. வாங்கிக் குடுத்தது அவ. தினம் டிக் போடும்மான்னு பேசி வச்சது அவ. உடம்பு முடியாத அம்மா தனக்காகத்தான் குனிஞ்சு நிமிர்ந்து, மூச்சை அடக்கி, சீக்கிரமே போயிட்டான்னு நெனைக்கறா. அம்மாவை நான்தான் கொன்னேன் சித்திங்கறா. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. இது நீங்க சொல்ல வேண்டியதுன்னு அடக்கிக்கிட்டேன்."

அவர் குழாயை மூடினார்.

"சொன்னா என்னைப் பாக்கக்கூட வர மாட்டா."

"சொல்லலைன்னா அவ கண்ணாடியையே பாக்க மாட்டா" என்றாள் சித்தி. "கடை திறக்கணும். நான் போறேன். அவ ரயிலேறுறதுக்குள்ள சொல்லிடுங்க."

போன வருடம், இதே நாளுக்கு மறுநாள், அவர் மனைவிக்குப் பிறந்த நாள். மகள் ஒரு வருடச் சந்தா கட்டி இந்த ஆப்பைப் பரிசாகக் கொடுத்தாள். ஒரே கணக்கில் மூன்று பெயர்: அம்மா, அப்பா, நான். ஒரு பாடத்தை முழுக்க ஓடவிட்டு, கடைசியில் 'முடித்தேன்' என்று அழுத்தினால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒரு பச்சை டிக் விழும். மற்ற இரண்டு பேருக்கும் அது தெரியும். பாதியில் தாண்டிப் போனால் விழாது.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். லீவு கிடையாது, அடிக்கடி போனும் முடியாது. காலையில் முதல் வண்டி கிளம்புமுன் டிக்கைப் பார்த்துவிட்டால் போதும். "எங்க டெப்போலயும் இதானேம்மா? லாக் ஷீட்ல டிக் இருந்தா வண்டி ஓடுதுன்னு அர்த்தம்." அம்மா சிரித்தாள். "சரிடி, உன் வண்டி தினம் ஓடும்."

இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதம் அம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு முதல் மாடியிலேயே நின்றாள். பிறகு ஸ்கேன். வயிற்றில் இருந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள்.

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றாள் அவள், ஆஸ்பத்திரி வாசலிலேயே. "சொன்னா அடுத்த வண்டியிலயே வந்து நிப்பா. வேலை போயிடும். பர்மனெண்ட் ஆகட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

முடிந்த வரை அவளே பாடத்தைச் செய்தாள். முடியாமல் போன முதல் நாள் சோபாவில் சாய்ந்துகொண்டு, "ஏங்க, அதைப் போட்டு ஓடவிடுங்க. டிக் விழலைன்னா டைம்டேபிள் போன் பண்ணிடுவா" என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் அந்த வெள்ளுடைப் பெண் சொன்னதையெல்லாம் கேட்டார். பின்னால் இவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'இன்றைக்கு இது போதும்' என்று பாடம் முடிந்ததும், "இன்னிக்கு இது போதும்" என்று இவளும் சொன்னாள். அவர் அழுத்தினார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். மகள் போனில், ஏம்மா இப்படி மூச்சு வாங்குது என்றால், "இப்பதான்டி பாடம் முடிச்சேன்." வீடியோவில் வா என்றால், "வேர்த்து வழியறேன், இந்த மூஞ்சியை நீ பாக்கணுமா?"

கடைசி பத்து நாள் ஆஸ்பத்திரி. அங்கேயும் நடையில் நின்றுகொண்டு போனில் அதை ஓட்டினார்.

அந்தப் பத்து நாளில் ஒரு மத்தியானம் அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அவளை வரச் சொல்லிடலாமாங்க?"

"இன்னும் பன்னெண்டே நாள்தான். பர்மனெண்ட் ஆயிடும். நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்" என்றாள். சட்டையை விடாமலே, "இருந்தாலும் ஒரு தரம் கேளுங்களேன்" என்றாள்.

கடைசிச் சாயங்காலம் வரை அவர் கேட்கவில்லை. இன்னும் ஆறு நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

அப்பா கூடத்துக்கு வந்தபோது மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த ரிமோட் இல்லாமலே, தன் போனிலிருந்து பழைய ஆப்பைத் திறந்திருந்தாள். திரையில் 'அம்மா' என்ற பெயரும், அதற்குக் கீழே மாதவாரியாகக் கட்டங்களும், கட்டத்துக்குக் கட்டம் பச்சை டிக்குகளும்.

"என்ன பாப்பா பண்ற?"

"எடுத்துடலாம்னு பாத்தேன். எடுக்கறதுக்கு முன்னாடி, என்னென்ன பாடம் பண்ணியிருக்கான்னு பாக்கறேன். கடைசி மாசம் ஒரு நாள்கூட விடலப்பா. ஒரு நாள்! டெப்போல புது வண்டிகூட இப்படி ஓடினதில்ல. இதோ பாருங்க, முதுகை வளைக்கறது. வயித்துல அவ்வளவு பெரிய கட்டியை வச்சுக்கிட்டு முதுகை வளைச்சிருக்கா. நீங்க ஏம்ப்பா தடுக்கல?"

"பாப்பா..."

"தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டா. எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிட்டு இருப்பேன்னு பண்ணியிருக்கா. கடைசி நாளைப் பாருங்க. மூச்சை இழுத்து அடக்கறது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல. நீங்க முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணி, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்து பாருன்னீங்க. நான் வண்டியில உக்காந்து போனையே பாத்துக்கிட்டு வந்தேன். டிக் வருதா, டிக் வருதான்னு. அது தெரிஞ்ச மாதிரி அம்மா அந்த நெலமையிலும்..." கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "ஆறு பத்துக்குப் பாடம் முடிச்சிருக்கா. ஏழு மணிக்குப் போயிட்டான்னு நீங்க சொன்னீங்க. அம்பது நிமிஷம்பா. எனக்காக மூச்சை அடக்கி, அம்பது நிமிஷத்துல போயிருக்கா. நான் அந்த ஆப்பை வாங்கிக் குடுக்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்திருப்பா. நான் வந்து பாத்திருப்பேன். அதுல போயி நீங்க மூச்சு விடணுமா?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அதே நாற்காலி. இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டார்.

"ஆறு பத்துக்கு அவ இல்ல பாப்பா."

"என்னது?"

"உங்கம்மா நாலே காலுக்கே போயிட்டா."

மகள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். நேரங்களை வைத்தே பிழைக்கிறவளுக்குக் கணக்குப் போட அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

"அப்ப ஆறு பத்து?"

"நான்தான். நடையில நின்னுக்கிட்டு. நீ தனியா வண்டியில வந்துக்கிட்டு இருந்த. டிக் விழலைன்னா உனக்கு வழியிலயே தெரிஞ்சுடும். பக்கத்துல யாரும் இல்லாம நீ என்ன பண்ணுவ? அதான்."

"ஏழு மணின்னது?"

"அதுவும் நான்தான். டிக்குக்குத் தோதா."

வெளியே மாடிப்படியில் யாரோ பையை இழுத்துக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டு. அது மேல்மாடிக்குப் போய் நிற்கும் வரை இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு மட்டுமா?" என்றாள்.

"இல்ல."

"எத்தனை நாள்?"

"எண்பத்தோரு நாள்."

"முதுகை வளைச்சது?"

"அவ சோபாவுல படுத்திருந்தா. ஒரு விரலைக்கூட வளைக்கல. எந்த வலியும் உன்னால இல்ல பாப்பா. அவளுக்கு அந்தக் குரல் பிடிச்சிருந்தது. கேட்டுக்கிட்டே தூங்கிடுவா. வலி மருந்துக்குத் தூங்காதவ அதுக்குத் தூங்குவா. நீ குடுத்தது அவளை ஒண்ணும் பண்ணல. நல்லதுதான் பண்ணுச்சு. அதான் எனக்கு அது போதும்னேன். வேற எதுவும் இல்ல."

அவர் எதிர்பார்த்தபடி அவள் அழவில்லை. சுமை இறங்கியவள் மாதிரியும் இல்லை. திரையிலிருந்த பச்சை டிக்குகளை, பின்னாலிருந்து முன்னுக்கு, போனில் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"அன்னிக்கு விடியறப்போ கொஞ்சம் கண் அசந்து முழிச்சேன்பா. போனைத் திறந்து பாத்தேன். டிக் இருந்தது. அப்பாடான்னு இருந்தது. அம்மா நல்லா இருக்கான்னு எதிர் சீட்டுல இருந்த அம்மாகிட்ட சொன்னேன். தெரியாதவங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். டீ வாங்கிக் குடிச்சேன். அப்புறம் தூங்கினேன். அம்மா செத்து ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு. நான் நிம்மதியாத் தூங்கிக்கிட்டு வந்தேன்."

"நீ தூங்கணும்னுதான்..."

"தெரியுது."

அவள் எழுந்தாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருந்த விரிப்பை எடுத்துவந்து கூடத்தில் விரித்தாள். ஏன் விரித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதில் இரண்டு பாதம் வைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அதைத் தாண்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஸ்கூல்ல படிக்கறப்போ உங்க கம்பெனியில ஒருத்தரை வேலையை விட்டு எடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? லிஃப்ட்ல ஏறிப் பாக்காமலே சோதனை அட்டையில கையெழுத்துப் போட்டுட்டாருன்னு. பாவம்ப்பா, பிள்ளைக்குட்டிக்காரர்னு அம்மா சொன்னா. நீங்க ஒத்துக்கல. 'அந்தக் கையெழுத்தை நம்பித்தானே ஒருத்தன் உள்ள காலை வைக்கறான்'னீங்க."

"ஞாபகம் இருக்கு."

"அதான் கேட்டேன்."

"தப்புதான் பாப்பா. அவ சொன்னாளேன்னு..."

"எல்லாத்துக்கும் அதையே சொல்றீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில வச்சும் அதையேதான் சொன்னீங்க. அவதான் சொல்லாதன்னா, அவதான் சொல்லாதன்னான்னு. நானும் சரின்னு விட்டேன். அம்மாவே என்னை வேண்டாம்னு சொல்லியிருக்கா, நான் யார் மேல கோவப்படறது?"

அவர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்துக்குப் போனதும் தொலைக்காட்சியில் வெள்ளுடைப் பெண் கண் மூடியபடி மறுபடி கேட்டாள், தொடரலாமா என்று. மகள் ஆமாம் என்பதை அழுத்தினாள். இன்னொரு வருடம்.

"வச்சுக்கங்க. தூக்கம் வந்தாச் சரி." தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "ஆனா உங்க பேர்ல பண்ணுங்க. நிஜமா பண்ணாத அன்னிக்கு டிக் போடாதீங்க. நான் இனிமே பாக்க மாட்டேன். போன் பண்ணிக் கேட்டுக்கறேன்."

"சரி பாப்பா."

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

அவள் துணிப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நாலு மணிதான் ஆகியிருந்தது, ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம் போதும். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கையை வைத்தபடியே, திரும்பாமல் நின்றாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது, அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்று. சட்டை நுனியைத் தானாகவே கையில் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. முதல்ல சொல்லாதன்னா சரி. கடைசி வரைக்கும் அம்மா அப்படியேதான் சொன்னாளா?"